“பாத்துத் தாங்கோ சுவாமி”

நான் பங்கொன்றைப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், எமது பங்கு மண்டபத்தின் பின்சுவர் மாரி மழைக்கு வெடித்துச் சரிந்துவிட்டது. திருத்துவதற்கு ஊரிலுள்ள வயதான மேசன் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், அத்திவாரத்தடியைக் கிளறிப் பார்த்தார். “எவ்வளவு வரும் ஐயா?” என்று கேட்டேன். தலையிற் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “உங்களிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது? பாத்துத் தாங்கோ சுவாமி” என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஒன்பது நாள் வேலை. முடிந்ததும் எனக்கு நியாயமென்று பட்ட தொகையை உறையிலிட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமை கழிந்து, வேறொரு அலுவலாக வந்த அவருடைய மனைவி, பேச்சுவாக்கில் ஒரு கதை சொன்னார். சாந்து குழைத்த பெடியனுக்குச் சம்பளம் கொடுப்பதற்குக் காசு போதாமல் தன்னுடைய தோட்டை அடைவு வைத்தாராம். அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. “சுவாமியின்ர வேலைதானே” என்று சிரித்தார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்த மனிதர் பிறவி மேசன் அல்லர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறும்வரை செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர். இடம்பெயர்ந்த இடத்தில் மேசன்மாருக்குக் கல்லெடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தவர். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தால் நூல் விலகாது. தொழிலிற் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால், விலை சொல்ல அவருக்கு வாய் வராது.

எமது மக்களின் சுயதொழிலைப் பற்றிப் பேச்சும் எழுத்தும் நிறைய நடந்தாயிற்று. கோழிக்குஞ்சு, ஆடு, தையல் இயந்திரம், காளான் என்று திட்டங்கள் வந்து போயின. நான் இங்கே சொல்ல வருவது அவற்றைப் பற்றியல்ல. ஒரு முதலாளியின் கீழ் நில்லாமல், மாதச் சம்பளம் இல்லாமல், இன்று ஒரு வீட்டுக்கு, நாளை வேறொரு வீட்டுக்கு என்று வேலை வேலையாகப் பிடித்துச் செய்து சீவிப்பவர்களைப் பற்றியது இது. மேசன், ஓடாவி, வயரிங் செய்பவர், வீட்டிலிருந்து தைக்கும் தாய், லான்ட்மாஸ்டர் வைத்து மற்றவர் வயலை உழுது கொடுப்பவர், கணினியில் அமர்ந்து வெளிநாட்டாருக்குப் படம் வரைந்தும் மொழிபெயர்த்தும் கொடுக்கும் பிள்ளை எல்லாரும் இதற்குள் அடக்கம். நிலம் கைவிட்டுப் போன குடும்பங்கள் பல இன்று இப்படித்தான் உலை வைக்கின்றன. இவர்களில் நொடித்துப் போனவர்கள் தொழில் தெரியாமல் நொடித்ததை நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். விலையில், முற்பணத்தில், சொன்ன நாளில், கணக்கில் நொடித்தவர்களே அதிகம். தொழிலைப் பழக்கி, ஆயுதப் பெட்டியைக் கொடுத்து, வரிசையில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போன நாங்கள் இந்த நான்கையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘நாங்கள்’ என்று எழுதும்போது, திருச்சபையின் வேலைத்திட்டங்களில் நின்ற என்னையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

ஒரு விவசாயிக்கு விலை சொல்வது ஏன் இவ்வளவு கடினம்? அவன் வாழ்நாளில் ஒருபோதும் தன் பொருளுக்குத் தானே விலை சொன்னதில்லை. வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் வியாபாரிதான் விலை சொல்வான். ‘கழிவு’ என்று நிறையிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வான். விவசாயி கேட்டுக்கொண்டு நிற்பான். ஆகவே, விலை என்பது அவனுக்குக் காதாற் கேட்கும் பொருளே தவிர வாயாற் சொல்லும் பொருள் அல்ல. இதற்குள் இன்னொன்றும் மறைந்து கிடக்கின்றது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். சொந்தத் தோட்டமும் கிணறும் வைத்திருந்தவனுக்கு, மற்றவன் வளவில் நின்று கைவேலை செய்துவிட்டுக் கூலி கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகின்றது. கைத்தொழிலைத் தாழ்வாகவும் தொழிலாளியைப் படலைக்கு வெளியேயும் வைத்துப் பார்த்த எமது சமூகத்தின் பழைய நோய் அது. இடம்பெயர்ந்தபோது வீட்டையும் மாட்டையும் விட்டு வந்தோம். இந்த நோயை மட்டும் மறக்காமல் காவிக்கொண்டு வந்துவிட்டோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வருகின்றார்கள். பெயர் அக்கிலா, பிரிஸ்கில்லா. யூதர்கள் எல்லாரும் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளாவுதியு பேரரசன் கட்டளையிட்டதால், இருந்த இடத்தை விட்டு இடம்பெயர்ந்து கொரிந்து நகருக்கு வந்தவர்கள். தொழில் கூடாரம் செய்வது. புனித பவுலுக்கும் அதே தொழில் தெரிந்திருந்தபடியால் அவர்களுடன் தங்கி வேலை செய்தார். பிறகு அந்தத் தம்பதியர் எபேசுக்கும் போனார்கள். பிரசங்கங்களில் நாங்கள் பவுலின் போதனையைப் பற்றிப் பேசுவோம். அந்த வீட்டிற் கிடந்த ஊசியையும் நூலையும் பற்றிப் பேசுவதில்லை. ஊர் ஊராகப் போக நேர்ந்தவர்களோடு கூடவே போகக்கூடியதாக இருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 60,000 ரூபா செலவாகும் ஒரு குடும்பம். பெரும்பாலானோர் இதை 30ஆற் பிரித்து, நாளுக்கு 2,000 ரூபா கிடைத்தால் காணும் என்று முடிவு செய்கின்றார்கள். இங்கேதான் வீடு சரிகின்றது. ஆண்டில் 365 நாட்கள். ஞாயிற்றுக்கிழமை 52ஐக் கழித்தால் 313. எமது பகுதியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு 40 நாள் வெளிவேலை நடவாது, மீதி 273. பெருநாள், செத்தவீடு, காய்ச்சல் என்று 25 நாள் போகும், மீதி 248. வேலை பார்க்கப் போகும் நாள், கல்லுக்கும் மணலுக்கும் காத்திருக்கும் நாள், தரவேண்டிய காசுக்காக அலையும் நாள் ஆகியவற்றுக்கு 38 நாள் வையுங்கள். உண்மையாகக் கரண்டி பிடிக்கும் நாட்கள் 210தான். இனிச் செலவுப் பக்கம். வீட்டுக்கு ஆண்டுக்கு 720,000 ரூபா. ஆயுதம், மோட்டார் சைக்கிள் பெற்றோல், தொலைபேசி என்று 60,000. வருத்தம் வந்தாலும் வயது போனாலும் கைகொடுப்பதற்கு மாதம் 5,000 வீதம் இன்னொரு 60,000. மொத்தம் 840,000. இதை 210ஆற் பிரியுங்கள். நாளுக்கு 4,000 ரூபா வருகின்றது. 2,000 கேட்பவன் தன் குடும்பத்தின் தேவையிற் பாதியை ஒவ்வொரு நாளும் வேலைகாரருக்குத் தானம் செய்துகொண்டிருக்கின்றான். அந்தப் பாதியைத்தான் மனைவியின் தோடும் வட்டிக்காரனும் நிரப்புகின்றார்கள்.

“அவ்வளவு கேட்டால் வேலை தரமாட்டார்கள்” என்று சொல்வீர்கள். சில வேளை தரமாட்டார்கள். அப்போது விலையைக் குறைக்க முன்னர் வேலையைக் குறைத்துச் சொல்லிப் பாருங்கள். முழுச் சுவருக்கும் பூச்சு வேண்டாம், இந்த வருடம் வெளிப்பக்கம் மட்டும் பூசுவோம் என்று சொல்லலாம். அறுவடை முடிந்து பங்குனியிற் காசு தருவேன் என்று வயற்காரன் சொன்னால், அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஏற்றால் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தன்னுடைய கணக்கை அறிந்தவன் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடமுடியாது என்பதையும் அறிவான். மழைக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: காலபோகம் அப்போதுதான் நடக்கின்றது. குத்தகைக்கேனும் ஓர் ஏக்கர் செய்யக்கூடியவர்கள் அந்த நாற்பது நாளையும் வயலுக்குக் கொடுக்கலாம். எமது ஆட்களுக்கு உள்ள இந்த வசதி பட்டணத்து மேசனுக்கு இல்லை.

அடுத்தது முற்பணம். இதைப் பற்றி எழுதும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

போருக்குப் பின்னரான வீட்டுத் திட்டங்கள் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். இந்திய அரசின் உதவியுடனான வீட்டுத் திட்டத்தில் 2012 முதல் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. பணம் ஒரே முறையில் வரவில்லை. வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டுக்காரரே ஆளைப் பிடித்துக் கட்டுவிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழும்பியபடியால், கரண்டி பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் ‘பாஸ்’ ஆனான். ஓர் இளைஞனை நான் அறிவேன், கெட்டிக்காரன். ஒரே நேரத்தில் ஒன்பது வீடுகளை ஏற்று, ஒன்பதிலும் முற்பணம் வாங்கினான். முதலாவது வீட்டின் காசில் மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் முற்பணம் கட்டினான். இரண்டாவது வீட்டின் காசில் முதலாவது வீட்டுக்குக் கம்பி வாங்கினான். மூன்றாவது வீட்டின் காசில் கையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தான். ஒன்பது வளவிலும் அத்திவாரம் வெட்டிக் கிடந்தது. வேலை முன்னேறாததால் வீட்டுக்காரருக்கு அடுத்த தவணை வரவில்லை. தவணை வராததால் வேலை முன்னேறவில்லை. அந்த வருட மாரியை அந்தக் குடும்பங்கள் தறப்பாளின் கீழேயே கழித்தன. வெட்டிய கிடங்குகளில் வெள்ளம் நின்றது. அவனுடைய தொலைபேசி நின்றுவிட்டது. பிறகு அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாக அறிந்தேன்.

அவன் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குத் தெரியாதவன் என்றே சொல்வேன். முற்பணம் கைக்கு வந்தவுடன் அதைச் சம்பாத்தியம் என்று நினைத்தான். அது இன்னும் செய்யாத வேலைக்குரிய காசு. அந்த வீட்டின் கல்லுக்கும் கம்பிக்கும் மட்டுமே உரியது. இதற்கு மருந்து மிகவும் எளிது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பித் தாள், ஒரு உறை. அந்த உறைக்குள் இருப்பதை அடுத்த வேலைக்கு எடுப்பதில்லை. வீட்டுச் செலவுக்கு எடுப்பதென்றால், முடித்த வேலையின் கூலியளவுக்கு மேல் எடுப்பதில்லை. அதே காலத்தில் அதே ஊரில், ஒருநேரத்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் ஏற்காமல், “உங்கட வீட்டுக்குச் சித்திரையில்தான் வருவன்” என்று சொல்லிச் சித்திரையில் வந்து நின்றவர்களும் இருந்தார்கள். வீட்டுத் திட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தபோது பாஸ்மார் பலர் வேலையின்றி நின்றார்கள். இவர்களுக்கு மட்டும் வேலை நிற்கவில்லை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரில் வீடு கட்டுவதற்கு ஆள் தேடும்போது உறவினரிடம் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: “காசைக் குடுத்தா வேலையை முடிப்பானா?” இன்று அப்படியொருவர் கிழமைக்கு ஒரு தடவை அத்திவாரத்தையும் கம்பிக் கட்டையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகின்றார். கூடவே, பற்றுச்சீட்டுகளையும் அனுப்புகின்றார். வீட்டுக்காரரை அவர் நேரிற் கண்டதே இல்லை.

விலையை எழுதிக் கொடுங்கள் என்று சொன்னால், “நாங்கள் என்ன கந்தோரா நடத்துகின்றோம்?” என்று சிரிக்கின்றார்கள். சீமெந்தைக் கேளுங்கள். 2021இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த 50 கிலோ பை, 2022 பொருளாதார நெருக்கடியில் மூவாயிரம் ரூபாவைத் தொட்டது. பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாக வாய்ப்பேச்சிற் பேசி வேலையைத் தொடங்கியவர்கள், வேலையை முடித்துக் கடனாளியானார்கள் அல்லது பாதியில் விட்டுப் பகையாளியானார்கள். கூலி இவ்வளவு, பொருள் அன்றைய விலைக்கு வீட்டுக்காரரே வாங்கித் தருவது என்று ஒரு பள்ளிக் கொப்பித் தாளில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்து வைத்திருந்தால் அந்தப் பகை வந்திராது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரே நாளில் தையல் இயந்திரம் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கிராமத்திலே பன்னிரண்டு பேருக்குத் தைப்பு வேலை எங்கேயிருந்து வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. இரண்டு வருடத்தில் பெரும்பாலான இயந்திரங்களின் மேலே சாமிப் படமும் பூச்சாடியும் இருந்தன. நின்று பிடித்த ஒரு தாயிடம் காரணம் கேட்டேன். அவர் சொன்னது: வருகிறவர்களில் அரைவாசிப் பேர் சொந்தக்காரர். மச்சாளிடம் எப்படிக் காசு கேட்பது என்று மற்றவர்கள் வெட்கப்பட்டார்கள். இவர் சுவரில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டார். சட்டைக்கு இவ்வளவு, பாவாடைக்கு இவ்வளவு, சீருடைக்கு இவ்வளவு. கேட்பவர்களுக்கு மட்டையைக் காட்டினார். மச்சாளுக்குச் செய்யும் உபகாரம், அவசரமென்றால் இரவிருந்து தைத்துக் கொடுப்பது, காசைக் குறைப்பதல்ல. “மட்டை கேக்குது சுவாமி, நான் கேக்கேல்லை” என்றார். இதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை.

ஆயுதம் வாங்குவதற்காகக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள் என்பதை மன்றாடிக் கேட்கின்றேன். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன், கிழமைக்குக் கிழமை வருமானம் வருபவனுக்கே பொருந்தும். தனித்தொழில் செய்பவனின் வருமானம் அப்படி வருவதில்லை. நுண்கடன் எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டு வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போனது.

சான்றிதழைப் பற்றியும் கேட்கின்றார்கள். பல வருட அனுபவமுள்ளவர்கள் மீண்டும் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. கைத்திறனைச் செய்து காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெறும் ஒழுங்கு உண்டு. பெரிய கொந்தராத்துக்காரரிடம் போவதற்கும் வெளிநாட்டுக்குப் போவதற்கும் உதவும். பெற்றுக்கொள்ளுங்கள். அயலவர் அதைக் கேட்கமாட்டார்கள்.

இத்தொழிலை நான் புகழ்ந்து தள்ளுவதாக யாரும் எண்ணவேண்டாம். கம்பனியில் வேலை செய்பவருக்கு 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி இருக்கின்றது. அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி மேலதிகமாக 12 வீதம். மாதாமாதம் ஐந்திலொரு பங்கு அவருடைய முதுமைக்காகச் சேர்கின்றது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த மேசனுக்கு யார் இருக்கின்றார்கள்? முன்பு காணி இருந்தது. வயது போனால் மகன் உழுவான், தகப்பன் வரம்பில் இருந்து பார்ப்பார். அந்தக் காணி முட்கம்பிக்கு உள்ளே போன பிறகு, எமது மக்களின் ஓய்வூதியமும் உள்ளே போய்விட்டது. ஆகவேதான், மேலே போட்ட கணக்கில் அந்த 5,000 ரூபாவை நான் முதலிலேயே வைத்தேன். மிஞ்சினால் சேமிப்போம் என்றால் ஒருபோதும் மிஞ்சாது. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் ஆக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபை, இப்படித் தனியே உழைப்பவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகின்றது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணியை விடுவிக்கும்படி கேட்பதை இதற்காக ஒருநாளும் நிறுத்தவேண்டாம். தொழில் வந்துவிட்டது, இனிக் காணி எதற்கு என்று கேட்கும் அதிகாரிகளை நான் சந்தித்திருக்கின்றேன்.

கணினியில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், “இது ஒரு வேலையா சுவாமி, வீட்டிலேயே இருக்கிறான்” என்று முறையிடுகின்றார்கள். தகப்பன் மேசன், மகன் கணினி. இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான். விலை சொல்லப் பயம், சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியாத நெருக்கடி, ஒரு மாதம் நிறைய, அடுத்த மாதம் வெறுமை. இருவரும் ஒரு நாள் மாலை கொப்பியோடு ஒன்றாக இருந்து பேசினால் நல்லது.

அந்த வயதான மேசனிடம் நான் பிறகு போனேன். குறைந்த காசைக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். மனைவிதான் வாங்கினார். சென்ற வருடம் கன்னியர் மடத்துக் குசினியைத் திருத்த வேண்டியிருந்தபோது மீண்டும் அவரையே கூப்பிட்டேன். அளந்தார். துவாயை அவிழ்த்தார். பேரப்பிள்ளை எழுதிக் கொடுத்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தார்: “கூலி மட்டும் எழுபத்தையாயிரம். மூன்று தரமாத் தரவேணும். சீமெந்து நீங்கள்.”

எழுபதுக்கு முடியாதா என்று கேட்க என் வாய் திறந்துவிட்டது.